சுவரில் ஒட்டிய கால்

விண்ணப்பத்தின் மூன்றாவது படத்துக்கு வந்தபோது அவளுடைய வலது கை தானாகத் திரும்பியது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காற்றில் எதையோ பிடித்து, வலப்பக்கமாகக் கொஞ்சம் சுழற்றி, டக் என்று ஒரு சத்தத்துக்காகக் காத்திருந்தன. சத்தம் வரவில்லை. வருவதற்கு அங்கே என்ன இருந்தது, ஒரு கணினியும் ஆறிப்போன காபியும்தான். ஆனால் கைக்கு ஞாபகம் வந்துவிட்டது. மண்டைக்கு வரத்தான் கொஞ்சம் நேரம் பிடித்தது.

அவள் காப்புரிமை அலுவலகத்தில் பரிசோதகர். புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறேன், என்னைக் கேட்காமல் வேறு யாரும் இதைச் செய்து விற்கக் கூடாது என்று வருகிறவர்களின் விண்ணப்பத்தை எடுத்து, இது நிஜமாகவே புதுசா, இல்லை புது மொந்தையில் பழைய கள்ளா என்று பார்ப்பது அவள் வேலை. எலும்பு, பல், மூட்டு சம்பந்தப்பட்ட கருவிகள் எல்லாம் அவள் மேசைக்குத்தான் வரும். எதுவும் லேசில் தப்பாது என்பதால் அலுவலகத்தில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை, பக்கத்து மேசைக்காரரைத் தவிர. பல் துலக்கும் பிரஷ் ஒன்றின் விண்ணப்பத்தை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் திணறிய அவருக்குப் பிரஷ் என்று பெயர் வைத்ததே அவள்தான். ஆகவே அதில் அவளுக்கு வருத்தம் இல்லை.

இப்போது திரையில் இருந்தது, உடைந்த எலும்பை வெளியிலிருந்து பிடித்து நிறுத்தும் ஒரு சட்டம். தோலைத் துளைத்து எலும்புக்குள் இறங்கும் கம்பிகள், காலுக்கு வெளியே ஒரு தண்டு, கம்பியையும் தண்டையும் சேர்த்துப் பிடிக்கும் கிளாம்ப். இதெல்லாம் அரதப் பழசு. புதுசு என்று விண்ணப்பம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். கிளாம்பின் பக்கவாட்டில் பல் வைத்த ஒரு சின்ன வளையம். வீட்டில் இருப்பவர்களே ஒற்றைக் கையால் இறுக்கலாம். ஒவ்வொரு பல்லுக்கும் டக் என்று கேட்கும். தானாகத் தளராது.

அந்த டக் அவளுக்குத் தெரியும். அண்ணன் காலில் அதைத் தினமும் திருகியது அவள்தான். அண்ணி அந்தக் கம்பிகளைப் பார்த்தாலே கண்ணைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். அதனால் அலுவலகம் கிளம்புமுன் அதைத் திருகும் சாவியை எடுத்துக்கொண்டு அண்ணனின் கட்டிலோரம் உட்காருவது இவள் வேலையாயிற்று. அண்ணன் காலை நீட்டிக்கொண்டு, "காலுக்குக் கால் சுற்று, மறந்துராதே" என்பான். தினமும் அதே நகைச்சுவை. தினமும் அவனே சிரித்துக்கொள்வான்.

திரையை மேலே தள்ளி விண்ணப்பதாரர் பெயரைப் பார்த்தாள். அண்ணன் காலுக்கு வைத்தியம் பார்த்த அதே டாக்டர். தேதியைப் பார்த்தாள். அண்ணன் காலில் அதை மாட்டியது ஒரு கோடையில். இது அதற்கு அடுத்து வந்த மழைக்காலத்துத் தேதி.

சட்டம் இந்த விஷயத்தில் ஒரே பிடிவாதம் பிடிக்கும். விண்ணப்பம் கொடுக்கும் நாளுக்கு முன்பே பொருள் வெளியே தெரிந்திருந்தால் அது புதுசு இல்லை. கண்டுபிடித்தவரே காட்டியிருந்தாலும் அப்படித்தான். மருத்துவமனைக்குள், சோதனைக்காக, நோயாளியும் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் பாதகமில்லை என்று வாதாடலாம். அந்த வாயை மூடிக்கொண்டு என்ற இடத்தில்தான் சிக்கல். அண்ணனுக்குத் தெருவில் வைத்திருந்த பெயர் ரேடியோ.

எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். வந்து உட்கார்ந்தாள். தாகமே இல்லாமல் மறுபடி எழுந்து போனாள்.

"என்ன சல்லடை, கால்ல சக்கரமா?" என்றார் பிரஷ்.

"நாற்காலி சரியில்லை."

"நாற்காலி நேத்தும் அதேதான். ஃபைல்தான் புதுசு."

தேடுபொறியில் உலகத்துக் கிளாம்ப் எல்லாவற்றையும் கொட்டித் தேடினாள். எங்காவது, எந்த நாட்டிலாவது, இதே பல் வளையத்தை யாராவது முன்னாலேயே செய்திருந்தால் போதும். அதைக் காட்டி மறுத்துவிடலாம், அண்ணன் பேச்சே வராது. மத்தியானம்வரை தேடியும் அப்படி ஒன்று அகப்படவில்லை. நல்ல கருவி அது. இவ்வளவு எளிதாக ஒருவரும் யோசித்ததில்லை. அதை இந்த வாரம் மறுப்பதுதான் இன்னும் கஷ்டம்.

ஏனென்றால் வருகிற வியாழக்கிழமை அண்ணனுக்கு இன்னொரு அறுவை சிகிச்சை. முதல் தடவை மாடிப்படியில் உருண்டு முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கியபோது, பெரிய மருத்துவமனையில் எடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டார்கள். எடுத்துவிடலாம் என்றால் காலை. இந்த டாக்டர் ஒருவர்தான் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, முயற்சி பண்ணிப் பார்ப்போமே என்றார். கால் நின்றது. ஆனால் ஒரே ஓர் இடத்தில் எலும்பு முழுதாகக் கூடாமல் நின்று, இப்போது நடந்தாலே வலி. மறுபடி திறந்து, சுத்தம் செய்து, மறுபடி சட்டம் போட வேண்டும். இந்தத் தடவையும் கூடாவிட்டால் அடுத்த பேச்சுக்கு இடமில்லை என்று டாக்டரே சொல்லியிருந்தார். செய்யப்போவதும் அவரேதான். அவள் கொடுக்க வேண்டிய பரிசோதனை அறிக்கையின் கெடுவோ புதன்கிழமை.

சாயங்காலம் நேரே அண்ணன் கடைக்குப் போனாள்.

பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய ஜெராக்ஸ் கடை அது. உள்ளே எப்போதும் சூடான தாள் வாசனை. அண்ணன் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து, வலிக்கிற காலை இன்னொரு ஸ்டூலில் வைத்துக்கொண்டு, வாடிக்கையாளர் ஒருவருக்கு அவருடைய வீட்டுப் பத்திரத்தைவிடத் தன் மாடிப்படியைப் பற்றி அதிகமாக விளக்கிக்கொண்டிருந்தான். அண்ணி ஓரமாக நின்று லேமினேஷன் போட்டுக்கொண்டிருந்தாள்.

இவள் கண் நேரே சுவருக்குப் போயிற்று. அது அங்கேயே இருந்தது. இத்தனை நாள் தினமும் பார்த்துப் பார்த்து, கண்ணுக்குச் சுவராகவே ஆகிவிட்ட ஒன்று.

அண்ணன் தன் காலையே ஜெராக்ஸ் எடுத்து ஒட்டியிருந்தான். சட்டம் மாட்டிய புதிதில், கண்ணாடிமேல் காலைப் பக்கவாட்டில் வைத்து, போர்வையால் மூடிக்கொண்டு எடுத்தது. கறுப்புப் பின்னணியில் காலும், முடியும், தண்டும், கம்பியும், கிளாம்பும் வெள்ளை வெளேரென்று விழுந்திருந்தன. பக்கத்தில் கிளாம்பை மட்டும் பெரிதாக்கி ஒன்று. அதில் வளையத்தின் பல்லை எண்ணிவிடலாம். அடியில் அண்ணன் கையெழுத்து: "முதலாளியின் கால் இந்த நிலையில் இருப்பதால் மதியம் வரை மட்டுமே கடை. தாளை நீங்களே வைத்து எடுத்துக்கொள்ளவும். அவசரப்படுத்துகிறவர்களுக்கும் இதே கதி." அதற்கும் கீழே, அன்றைய தேதி.

வாடிக்கையாளர் போகட்டும் என்று காத்திருந்தாள். அவர் போவதாக இல்லை. ஒருவழியாகப் போனதும் கேட்டாள்.

"அண்ணா, இதை மாட்டினப்போ டாக்டர் யாருக்கும் காட்டாதேன்னு ஏதாவது சொன்னாரா?"

"தண்ணி படாமப் பாத்துக்கோன்னார்."

"அது இல்லை. புது சாமான், வெளியே சொல்லாதே, அப்படி."

"என்கிட்டயா? என்னைப் பாத்தா அப்படிச் சொல்ற மாதிரியா இருக்கு?" என்று சிரித்தான். "அவரே இந்த ஜெராக்ஸைப் பாத்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சாரு. இந்தப் பெரிசு பண்ணினது இருக்கே, அதுல எனக்கு ஒரு கட்டு குடுங்கன்னு கேட்டு வாங்கிட்டுப் போனாரு. அந்த மாசமே ஏதோ டாக்டருங்க கூட்டமாம், எல்லாருக்கும் குடுக்கணும்னு."

அவள் ஓரத்தில் கிடந்த இன்னொரு ஸ்டூலில் உட்கார்ந்தாள். அண்ணன் வாய் போதாதென்று டாக்டரும் கை கொடுத்திருக்கிறார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே இரண்டு நுணல்.

ஃபைலில் இருப்பதை வெளியே பேசக் கூடாது. ஆனாலும் அண்ணி அவள் முகத்தைப் பார்த்தே பாதியைப் படித்துவிட்டாள். மீதியை அண்ணன் கேட்டுக் கேட்டுப் பிடுங்கினான்.

"அப்ப என் காலால அவருக்குக் கிடைக்காமப் போயிடுமா?"

"கால் இல்லை. காப்பி."

"இவ்வளவுதானே. கிழிச்சுப் போட்டா போச்சு," என்று எழப் பார்த்தான்.

"டாக்டருங்க கூட்டத்துல போனது? அதையெல்லாம் யார் போய்க் கிழிப்பா?"

"நீ வாயைத் திறக்காட்டி யாருக்குடி தெரியும்?" என்றாள் அண்ணி. லேமினேஷன் மெஷின் தாளை விழுங்கிக்கொண்டிருந்தது, அவள் அதைப் பார்க்கவில்லை. "வியாழக்கிழமை கத்தியை எடுக்கிற கை அது. அந்தக் கையை இப்பப் போய் ஆட்டி விடணுமா?"

இவள் மெல்லவும் முடியாமல், துப்பவும் முடியாமல் எழுந்து சுவரருகே போனாள். டேப்பின் ஓரம் பழுத்து, சுருண்டு, தொட்டால் வந்துவிடுகிற மாதிரி இருந்தது. நகத்தை உள்ளே விட்டாள். தாள் கிழியாமல் முழுதாகக் கையோடு வந்தது.

"கிழிக்கப் போறியா?" என்றான் அண்ணன்.

"தெரியலை," என்று சொல்லிவிட்டு அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

அன்று அவளுக்குப் படுக்கை முள்ளாக இருந்தது. போன வருடம் ஊன்றுகோலுக்கு ரப்பர் அடி செய்த ஒருவரின் விண்ணப்பத்தை அவள் மறுத்திருந்தாள். பாவம், ஆசையாக ஒரு கண்காட்சியில் வைத்துக் காட்டிவிட்டார், அதற்குப் பிறகுதான் விண்ணப்பித்தார். "எனக்கு யாரும் சொல்லித் தரலையேம்மா" என்று அவர் தொலைபேசியில் அழுதபோது, சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான் ஐயா என்று இவள் சொன்னாள். சொன்ன குரல் இப்போது காதுக்குள் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. புரண்டு படுத்தாலும் அந்தக் காதோடுதான் புரள வேண்டியிருந்தது.

மறுநாள் காலையில் பிரிவுத் தலைவி அறைக்குப் போனாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டே பேசுகிற பெண்மணி.

"மேடம், இந்த ஃபைல் எனக்கு வேண்டாம். இந்த டாக்டர் என் அண்ணனுக்கு வைத்தியம் பாக்கிறவர்."

"சரி, பிரஷ் பாக்கட்டும்," என்றார் அவர். அவருக்கும் அந்தப் பெயர்தான் வாயில் வரும். "அவ்வளவுதானே?"

அவ்வளவுதான் என்று சொல்லியிருந்தால் அவ்வளவுதான். பிரஷ் தேடுவார், தேடுபொறியில் ஒன்றும் அகப்படாது, காப்புரிமை கிடைத்துவிடும். அவள் கையில் பாவம் ஒட்டாது. கதவுவரை போனாள். கைப்பிடியில் கையை வைத்தாள். பிறகு திரும்பி வந்து, பையிலிருந்து தாளை எடுத்து மேசைமேல் விரித்தாள்.

தலைவி கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். வெகுநேரம் பார்த்தார். அடியில் இருந்ததைப் படிக்கும்போது அவருக்குச் சிரிப்பு வந்து, அடக்கிக்கொண்டார்.

"இது எங்கே இருந்தது?"

"கடைச் சுவர்ல. இன்னும் கொஞ்சம் டாக்டருங்க கூட்டத்துல."

"தெரிஞ்சதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. கூட்டத்துக் காப்பியைப் பிரஷ் தேடிப் பிடிச்சிடுவார்."

"மேடம், அறிக்கை ரெண்டு நாள் தள்ளிப் போகலாமா? வெள்ளிக்கிழமை?"

"கெடு புதன். அது என் கையிலயும் இல்லை, உன் கையிலயும் இல்லை."

புதன்கிழமை, கூட்டத்துக் காப்பியோடு, மறுப்பு அறிக்கை டாக்டருக்குப் போயிற்று. பிரஷ் அனுப்பிவிட்டு வந்து, அவள் மேசைமேல் சூடான காபி ஒன்றை வைத்தார். கிண்டல் எதுவும் செய்யவில்லை. அதுவே அவளைப் பயமுறுத்தியது.

அன்று மாலை அண்ணனிடம் ஒரே ஒரு சத்தியம் கேட்டாள். "டாக்டர்கிட்ட மட்டும் வாயைத் திறக்காதே. ஆபரேஷன் முடியட்டும், நானே போய்ச் சொல்றேன்."

"உன்மேல ஆணை," என்றான் அண்ணன்.

"என்மேல வேண்டாம். உன் மெஷின்மேல வை."

மெஷின்மேல் வைத்தான்.

வியாழக்கிழமை அவனை உருட்டிக்கொண்டு போனார்கள். இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக ஊசி என்று நர்ஸ் சொன்னபோதுதான் இவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதாவது வாய் மரத்துப்போகாது.

காத்திருக்கும் இடத்தில் வரிசையாக இரும்பு நாற்காலிகள். அண்ணி ஒன்றில் உட்கார்ந்து கைப்பையின் வாரை முறுக்கினாள், அவிழ்த்தாள், மறுபடி முறுக்கினாள். இவள் லிஃப்ட்வரை நடந்தாள், திரும்பினாள், தண்ணீர்க் குழாய்வரை நடந்தாள். சுவரில் எலும்புக்கூடு ஒன்றின் படம் தொங்கியது. அதன் முழங்காலுக்குக் கீழே பார்க்காமல் தாண்டிப் போனாள்.

"உட்காரேன்டி, எனக்குத் தலை சுத்துது," என்றாள் அண்ணி. காலையிலிருந்து அவளிடம் பேசிய முதல் வார்த்தை.

"திட்டணும்னா திட்டிடுங்க அண்ணி."

"கால் வரட்டும். அப்புறம் வச்சுக்கறேன்."

கதவு திறந்து டாக்டர் வந்தார். முகமூடியைத் தாடைக்கு இறக்கியிருந்தார். கண்ணுக்கடியில் அது அழுத்திய கோடு.

"ரேடியோவோட தங்கச்சி?" என்றார்.

தெருப்பெயர் அவர் வாயில் வந்ததுமே அண்ணன் உளறிவிட்டான் என்று புரிந்துவிட்டது. "கால்?" என்றாள்.

"நல்லபடியா முடிஞ்சுது. சேரும்னுதான் நினைக்கிறேன்." அண்ணி அங்கேயே முகத்தைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "காலையில மெயில் பாத்தேன். யாருடா இதைத் தோண்டி எடுத்ததுன்னு கையுறை மாட்டற வரைக்கும் அதே ஓட்டம். இவர் படுத்துக்கிட்டே, 'டாக்டர், அது எங்க தங்கச்சி வேலை, கோபம் இருந்தா என் கால்ல காட்டிராதீங்க'ங்கறார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வாயை மூடிக்கிட்டுப் படுங்கன்னேன். மூடினாரா? மாடிப்படியிலேருந்து ஆரம்பிச்சார்."

அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

"உங்கமேல கோபம் இல்லைன்னு சொல்ல மாட்டேன்," என்றார் அவர். "இருக்கு. எங்க வீட்டுச் சாப்பாட்டு மேசையில உட்கார்ந்து, சோத்துத் தட்டைத் தள்ளி வச்சுட்டு அறுத்து அறுத்துப் பண்ணின வளையம் அது. செஞ்சு தர்றோம்னு ஒரு கம்பெனிக்காரங்க வந்தாங்க. இனிமே வருவாங்களா, தெரியாது." முகமூடியைக் கழற்றி மடியில் வைத்தார். "அந்தக் காப்பியைக் கேட்டு வாங்கினவன் நான். என்னைத் திட்டிக்கறதா, உங்களையா, அதுதான் பிடிபடலை."

"பதில் குடுக்க அவகாசம் இருக்கு சார். இப்ப ஃபைல் என்கிட்ட இல்லை. வேற ஒருத்தர் பாக்கிறார்."

"பதில் என்ன பெரிய பதில். அந்த வளையத்துல கோளாறும் இருக்கு. ஒரு பல்லு வழுக்குது. அதனாலதான் அந்த ஒரு இடம் கூடாமப் போச்சு. இன்னிக்குப் போட்டிருக்கறது வேற. இதுல என்ன பண்ணியிருக்கேன்னா, உள்பக்கம்..."

"சார், மேல சொல்லாதீங்க."

அவர் நிறுத்தினார். எதிர் வரிசையில் ஒரு பெரியவர் செய்தித்தாளைத் தாழ்த்தி இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் அவரைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், வாயைக் கையால் துடைத்துக்கொண்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"வீட்ல நீங்கதானே திருகுவீங்க? நான் விண்ணப்பம் குடுக்கற வரைக்கும் யார் கண்ணுலயும் படக் கூடாது. எழுதியே வாங்கிக்கறேன், உங்க மூணு பேர்கிட்டயும். உங்க அண்ணன் வாய்க்கு என்ன பண்றதுன்னுதான் தெரியலை."

"அதை நான் பாத்துக்கறேன்," என்றாள் அண்ணி. அழுது முடித்திருந்தாள்.

அண்ணி பழைய ஜன்னல் திரையை வெட்டிக் காலுக்கு உறை தைத்தாள், தொடையிலிருந்து கணுக்கால்வரை, இருபக்கமும் பட்டன் வைத்து. வீடு வந்த மறுநாள் காலையில் இவள் ஜன்னலைச் சாத்தி, கதவைத் தாழிட்டு, பட்டன்களைக் கழற்றி, சாவியைப் பொருத்தினாள். திருகினாள். சத்தம் பழைய சத்தமாக இல்லை. அது எப்படி வேறாக இருக்கிறது என்று அவள் மனம் தானாக ஆராயத் தொடங்கியது. இதற்கான விண்ணப்பமும் ஒருநாள் அந்த அலுவலகத்துக்கு வரும், அவள் அதைத் தொடவே முடியாது. கண்ணை எடுத்துச் சுவரில் வைத்துக்கொண்டாள்.

"கேட்டியா, இந்தத் தடவை சத்தம்..." என்று ஆரம்பித்தான் அண்ணன்.

"அண்ணா."

அவன் வாயை மூடிக்கொண்டான். மூடிய வாய்க்குப் பதிலாகக் கால் விரல்கள் உறைக்கு வெளியே ஆடிக்கொண்டே இருந்தன.

அலுவலகத்துக்கு நேரமாயிற்று. பையை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். மாடி வீட்டுக்காரர் பழக் கூடையோடு நின்றிருந்தார். உள்ளே வந்து, நலம் விசாரித்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, பூப்போட்ட அந்தத் திரைத்துணியைக் குனிந்து பார்த்தார்.

"அதுக்குள்ள என்னப்பா?"

அண்ணன் தங்கையைப் பார்த்தான். உதடு திறந்தது, மூடியது. நெற்றியில் வியர்வை பூத்தது.

"கால்," என்றான்.

"அது தெரியுதுப்பா. அதுக்கு மேல?"

அவள் பையைத் தோளிலிருந்து இறக்கிவிட்டு, வாசற்படியிலேயே நின்றாள்.